எந்த லயம், எந்தக் காம்பரா

என் அக்காவுக்கும் எனக்கும் ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை. சொத்துச் சண்டை இல்லை. பிரித்துக்கொள்ள எங்களிடம் சொத்தும் இல்லை. சதுரங்கப் பலகையில் ஒரு காய் நகர்ந்தால் அதை எந்த முறையில் சொல்வது என்பதுதான் சண்டை. கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய விஷயம் வேறெதுவும் இருக்கவில்லை.

அக்கா தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை பார்த்தவள். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளை மாலை வரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. பள்ளிக்கூடக் காலத்திலேயே சதுரங்கத்தில் கெட்டிக்காரி. மாவட்டப் போட்டிக்கெல்லாம் போய்வந்திருக்கிறாள். வீட்டில் அவளோடு ஆட நான் மட்டும்தான் இருந்தேன். நான் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. தோற்றால் பலகையைத் தட்டிவிட்டு எழுந்துபோகிற குணம் எனக்கு. கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். அவள் சிந்திய காய்களைப் பொறுக்கி மறுபடி அடுக்கிவைத்துவிட்டு, "வா, இன்னொன்னு ஆடலாம்" என்பாள்.

அவளுடைய கண் போனது கொஞ்சம் கொஞ்சமாக. விழித்திரை நோய் என்றார்கள். நுவரெலியா ஆஸ்பத்திரி, கண்டி ஆஸ்பத்திரி, கொழும்பு ஆஸ்பத்திரி என்று ஏறி இறங்கியும் கடைசியில் வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சின. அப்போது அவளுக்கு நாற்பதுகூட ஆகியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் போன இடமெல்லாம் யாருடைய கையாவது அவளைப் பிடித்திருந்தது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு அம்மாவின் கை, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு என் கை, பஸ்ஸில் முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் கை. எல்லாரும் நல்லவர்கள்தான். அந்த நல்ல குணம்தான் அவளை மூச்சுமுட்ட வைத்தது. ஒரு நாள் அவள் வெடித்தாள்.

"எனக்குன்னு ஒன்னு வேணும்டி. பக்கத்துல யாரும் உக்காராம, யாரும் காதுல ஓதாம, வெளியாளோட ஒரு ஆட்டம் ஆடணும். ஒரே ஒரு ஆட்டம். ஜெயிக்கிறதும் தோக்குறதும் அப்புறம்."

வருடா வருடம் நுவரெலியாவில் யாரும் கலந்துகொள்ளக்கூடிய ஒரு சதுரங்கப் போட்டி நடக்கும். கண் தெரியாதவர்களும் ஆடலாம் என்று விதி இருக்கிறது. காய்க்குத் துளை போட்ட தனிப் பலகை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, இருவரும் தங்கள் நகர்வுகளை வாய்விட்டுச் சொல்லி ஆட வேண்டும். நான் அதைச் சொன்னதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அம்மாவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

"கண்ணு தெரியாத புள்ளைய அவ்வளவு கூட்டத்துல கொண்டுபோயி உக்கார வைக்கப் போறியா? நாலு பேரு வேடிக்க பாக்கவா?"

"பாக்கட்டும்மா. எப்படி ஆடுறான்னு பாக்கட்டும்" என்றேன்.

அம்மா கோபித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். அவருக்கும் எனக்கும் ஒரே மூக்கு.

நான் ஹட்டனில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். காலையில் போனால் மாலையில்தான் வருவேன். பகலெல்லாம் அக்கா ஆடிப் பழக ஒரு ஆள் வேண்டும். ஆள் கிடைக்கவில்லை, அதனால் கம்ப்யூட்டரை ஆளாக்கலாம் என்று முடிவெடுத்தேன். சதுரங்கம் ஆடும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அந்த மென்பொருளுக்கு முகமும் கிடையாது, வாயும் கிடையாது. நாம் ஒரு நகர்வை எழுத்தில் கொடுத்தால் அது பதில் நகர்வை எழுத்தில் தரும். அதற்கும் அக்காவுக்கும் நடுவில் உட்கார்ந்து, அவள் தட்டுவதை அதற்குக் கொடுத்து, அது சொல்வதைத் தமிழில் வாசித்துக் காட்டும் ஒரு சின்ன நிரலை நான் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. எழுத உட்கார்ந்தபோதுதான் முதல் கேள்வி வந்தது: நகர்வை எப்படிச் சொல்வது?

சதுரங்கப் புத்தகங்களில் இருப்பது சுருக்கமான முறை. எந்தக் காய், எந்தக் கட்டத்துக்குப் போகிறது என்பதை மட்டும் எழுதுவார்கள். இடமிருந்து வலமாக எட்டுச் செங்குத்து வரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை எழுத்து; கீழிருந்து மேலாக ஒன்று முதல் எட்டு வரை எண். 'குதிரை எஃப் மூன்று' என்றால் குதிரை எஃப் வரிசையின் மூன்றாம் கட்டத்துக்கு வந்துவிட்டது. அழகான முறை. நான் அதைத்தான் எழுதினேன். தோட்டத்துத் தச்சர் எங்கள் பழைய பலகையில் கட்டத்துக்குக் கட்டம் துளையிட்டு, காய்களின் அடியில் குச்சி செருகி, கறுப்புக் காய்களின் தலையில் மட்டும் சின்ன ஆணி அடித்துத் தந்திருந்தார். அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டாள். என் நிரல் முதல் நகர்வைச் சொன்னது. அவள் விரல்கள் பலகை முழுக்க அலைந்தன.

"எந்தக் குதிர?"

"அங்க போகக்கூடிய குதிரை ஒன்னுதானே இருக்கு."

"அத நான் தேடணுமா? எங்கருந்து கெளம்புச்சுன்னு சொல்லாம எங்க போய்ச் சேந்துச்சுன்னு மட்டும் சொன்னா, நான் எட்டுத் திக்கும் தடவிக்கிட்டுக் கெடக்கணுமா?"

பார்க்கிறவர்களுக்கு அது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். நான் பார்க்கிறவளாக இருந்து எழுதியிருந்தேன். சரி என்று அந்த முறையைத் தூக்கிப் போட்டேன்.

அடுத்தது, மென்பொருளே பேசிக்கொள்ளும் முறை. அதில் காயின் பெயரே வராது. புறப்பட்ட கட்டம், போய்ச்சேர்ந்த கட்டம், இரண்டு மட்டும்தான். ராஜா கோட்டைக்குள் ஒதுங்கும்போதுகூட ராஜா எங்கிருந்து எங்கே போனார் என்று சொன்னால் போதும். கோட்டை தானாகப் பக்கத்தில் வந்து நிற்கும். இது அக்காவுக்குப் பிடித்தது. ஆனால் எழுத்துகளால் தொல்லை. தகரக் கூரையில் மழை கொட்டும்போது பி, சி, டி, ஈ, ஜி எல்லாம் ஒரே சத்தமாகக் கேட்டன. எங்கள் பக்கத்தில் மழை கொட்டாத நாளைத்தான் எண்ண வேண்டும். அதோடு அவள் தட்டுவதற்கு வசதியாக நான் வாங்கி வந்திருந்தது எண்கள் மட்டும் உள்ள சின்ன விசைப்பலகை. நடுவில் ஐந்தின் மேல் ஒரு சிறு புடைப்பு இருக்கும். அதைத் தொட்டுப் பார்த்து மற்றதை எல்லாம் தெரிந்துகொள்ளலாம்.

அப்போதுதான் அக்கா தன் முறையைச் சொன்னாள்.

"எழுத்தே வேணாம். லயமும் காம்பராவும் சொன்னாப் போதும்."

லயம் என்றால் எங்கள் தோட்டங்களில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். அதில் ஒவ்வொரு வீடும் ஒரு காம்பரா. எங்களுக்குக் கடிதம் வருவதும் அந்த விலாசத்தில்தான்: தோட்டத்தின் பெயர், லயத்தின் எண், காம்பராவின் எண். மூன்றாம் லயம் நாலாம் காம்பரா என்றால் அங்கே யார் இருக்கிறார்கள், வீட்டில் எத்தனை பேர், நாய் கடிக்குமா என்பதுவரை எல்லாருக்கும் தெரியும். அக்கா பலகையையும் அப்படித்தான் மனதில் குடியேற்றியிருந்தாள். எட்டு லயம், லயத்துக்கு எட்டுக் காம்பரா. அவளுடைய ராஜாவும் ராணியும் முதல் லயத்தில். சிப்பாய்கள் இரண்டாம் லயத்தில். எதிராளியின் ஆட்கள் மலைக்கு மேலே ஏழாம் லயத்திலும் எட்டாம் லயத்திலும்.

"ரெண்டாம் லயம் அஞ்சாம் காம்பரா, நாலாம் லயம் அஞ்சாம் காம்பரா. போயிருச்சு பாரு சிப்பாயி" என்றாள்.

"உலகமே காம்பராவ மொதல்ல சொல்லுது, லயத்த பின்னால சொல்லுது. நீ தலைகீழா சொல்ற" என்றேன்.

"உலகம் எந்தத் தோட்டத்துல இருக்கு?"

"போட்டியில உலகத்தோடதானே ஆடப்போற?"

"இப்ப நான் ஓங் கம்ப்யூட்டரோடதானே ஆடுறேன்? எழுதுடி."

பல நாள் முட்டிக்கொண்டோம். நான் பிடித்த பிடியை விடாதவள். அவள் என் அக்கா. கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். அவள் தட்டும் எண்களைப் புரட்டி மென்பொருளுக்குக் கொடுக்கவும், அது தருவதைப் புரட்டி அவளுக்குச் சொல்லவும் நிரலில் ஒரு பகுதி எழுதினேன். எழுதி முடித்தபோது எனக்கே அது பிடித்துவிட்டது என்பதை அவளிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வீடு மாறிப்போனது. நான் வேலை விட்டு வரும்போதே வாசலில் கம்ப்யூட்டரின் குரல் கேட்கும்: ஐந்தாம் லயம், மூன்றாம் காம்பரா. அக்காவின் குரல் அதற்குப் பதில் திட்டும். அம்மா அடுப்படியிலிருந்து, "யாருடி அது, அஞ்சாம் லயத்துல?" என்று கேட்டுக் கேலி செய்வார். அக்கா மென்பொருளின் சுலபமான மட்டங்களைத் தாண்டி நடுமட்டத்துக்கு வந்துவிட்டாள். அங்கேயும் ஜெயித்தாள். அவள் தலையை நிமிர்த்தி உட்காரும் விதமே வேறாகிவிட்டது. நான் போட்டிக்குப் பெயர் கொடுக்க நுவரெலியாவுக்குப் போன் செய்தேன்.

நடத்துகிறவர் ஒரு சிங்கள ஆசிரியர். தமிழும் பேசினார். அக்காவைச் சேர்த்துக்கொள்வதில் ஒரு தடையும் இல்லை என்றார். உதவிக்கு ஒருவர் பக்கத்தில் உட்காரலாம், வேண்டாமென்றால் தனியாகவும் ஆடலாம் என்றார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

"மூவ் சொல்றது மட்டும் எல்லாரும் சொல்ற மாதிரி சொல்லணும் மிஸ். எதிர்ல இருக்கிறவருக்கு வெளங்கணுமே" என்றார்.

எனக்குத் தெரியும், இது வரும் என்று. நான் முதலிலேயே சொன்னேனே என்று வீட்டுக்கு வந்து குதித்தேன். நான் உடனே நிரலைத் திருத்தி, காம்பராவை முதலிலும் லயத்தைப் பின்னாலும் சொல்ல வைத்தேன். மறுநாளிலிருந்து அவள் தோற்கத் தொடங்கினாள். பழைய சுலபமான மட்டத்தில்கூடத் தோற்றாள். நான்காம் லயத்தின் நடுவில் நின்ற கோட்டை ஏழாம் லயத்துக்கு ஏற வேண்டியது. அவள் எண்களை மாற்றிப் போட, அது அதே லயத்தின் ஏழாம் காம்பராவில் போய் நின்று வெட்டுப்பட்டது. அப்படி ஒரு தடவை இல்லை, ஒவ்வோர் ஆட்டத்திலும். எண் காதில் விழுந்த உடனே அவள் மனம் பழைய விலாசத்துக்குத்தான் ஓடியது. பிறந்ததிலிருந்து சொல்லிவந்த விலாசத்தை யாரால் ஒரே மாதத்தில் திருப்பிச் சொல்ல முடியும்?

போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன். அவங்க சொல்றத நான் ஒனக்கு நம்ம முறையில சொல்றேன். நீ சொல்றத அவங்களுக்கு அவங்க முறையில சொல்றேன். விதியில எடமிருக்கு அக்கா."

அவள் மடியிலிருந்த பலகையை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"அப்ப நீயே போயி ஆடிட்டு வா."

அதைச் சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். அவள் மெதுவாகச் சொன்னாள். அவள் கேட்டது என்ன, நான் கொடுக்கப் பார்த்தது என்ன என்று எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவளே கையை நீட்டி, "பலகையக் குடு" என்றாள். "தோத்தாலும் தோக்குறேன். மாத்திப் பழகாம விடமாட்டேன்." அன்றிலிருந்து காலையில் தேத்தண்ணி குடித்த கையோடு உட்கார்ந்தால் மாலை வரை ஆடினாள். எல்லாவற்றிலும் தோற்றாள். அம்மா ஜெபமாலையைக் கையில் உருட்டிக்கொண்டே, "விட்டுத் தொலைங்கடி" என்று தலையில் அடித்துக்கொள்வார். யாரும் விடவில்லை.

இதற்கு நடுவில் சித்தி வீடு மந்திரிப்பு வந்தது. றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே உள்ள தோட்டத்தில் சித்திக்குத் தனி வீடு கிடைத்திருந்தது. லயத்தை விட்டுப் புது வீட்டுக்குக் குடிபோகும் முன் பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். அக்கா வரமாட்டேன் என்றாள். அவளுக்குப் பழக வேண்டும். அம்மா அதட்டி இழுத்து வந்தார்.

புதுக் குடியிருப்பு எங்களுக்குப் புதுசு. லயம் மாதிரி மலையின் குறுக்கே நீளமாகக் கிடக்கவில்லை. கீழே ரோட்டிலிருந்து ஒரு கொங்கிரீட் பாதை நேராக மேலே ஏறியது. அதன் ஓரமாக ஒரு வீட்டுக்கு மேலே இன்னொரு வீடு, அதற்கு மேலே இன்னொன்று. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஒவ்வொரு வீட்டைத் தாண்டும்போதும் உள்ளேயிருந்து ரேடியோவோ குழந்தையின் அழுகையோ கேட்கும். அவள் வாய்க்குள் எண்ணிக்கொண்டு வந்தாள். பாதி ஏற்றத்தில் திடீரென்று நின்றாள்.

"ஏய், லயத்துல ஒரு காம்பராவுலருந்து அடுத்த காம்பராவுக்கு எப்படிப் போவோம்?"

"என்ன கேள்வி? வாசலோட பக்கத்துல நடந்து போவோம்."

"இங்க ஏறில்ல போறோம்."

"ஆமா. மேட்டுல கட்டியிருக்காங்க. நடக்கா, பின்னால ஆளுங்க வர்றாங்க."

அவள் நகரவில்லை. எங்களுக்குப் பின்னால் கேக் பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் ஒதுங்கி ஏறிப் போனார்கள்.

"லயம் குறுக்கதான் கெடக்கணும்னு நமக்கு யாருடி சொன்னா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் என் உள்ளங்கையைப் பிடித்து அதில் விரலால் கோடு போட்டுக் காட்டினாள். குறுக்குக் கோடுகள் இல்லை. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிகளை நோக்கி நேராக ஏறும் கோடுகள். எட்டு லயங்களையும் நிமிர்த்தி வைத்துவிட்டாள். இடதுகைப் பக்கம் முதல் லயம், வலதுகைப் பக்கம் எட்டாம் லயம். ஒவ்வொரு லயமும் அவள் காலடியில் தொடங்கி எதிராளியின் வீடுவரை மேலே ஏறுகிறது. முதல் காம்பராக்களில் அவளுடைய ஆட்கள், எட்டாம் காம்பராக்களில் எதிராளியின் ஆட்கள்.

அப்போதுதான் எனக்குத் தலையில் இடித்தது. அப்படி வைத்தால் லயத்தை முதலில் சொல்லலாம், காம்பராவைப் பின்னால் சொல்லலாம். எதையும் புரட்ட வேண்டியதில்லை. உலகம் சொல்வதும் அதுதான்: எழுத்து லயம், எண் காம்பரா. ஈ நான்கு என்றால் ஐந்தாம் லயம் நாலாம் காம்பரா. மலையில் லயங்கள் எல்லாம் சரிவின் குறுக்கே கட்டப்பட்டிருக்கின்றன என்பதால் நாங்கள் இருவரும் பலகையிலும் அவற்றைக் குறுக்கேதான் போட்டிருந்தோம். வேறு மாதிரிப் போடலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அந்த ஒன்றுக்காக ஒரு மழைக்காலம் முழுக்க ஒருவரையொருவர் கடித்துக் குதறியிருக்கிறோம்.

"நம்ம ரெண்டு பேரும் லயத்துலயே பொறந்து வளந்த கழுதைங்கடி" என்று அக்கா சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. மேலேயிருந்து அம்மா, "சாமியார் வந்துட்டாரு, அங்க நின்னுக்கிட்டு என்னடி இளிப்பு?" என்று கத்தினார்.

வீட்டுக்கு வந்து நான் செய்த முதல் வேலை, எண்களைப் புரட்ட எழுதியிருந்த பகுதியை நிரலிலிருந்து அழித்தது. எழுதியபோது பட்ட பாடு நினைவுக்கு வந்தது. ஆனாலும் அழிக்கச் சுகமாக இருந்தது.

அதற்காக எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. பலகையில் குடியிருந்த அத்தனை பேரையும் அக்கா புது வீடுகளுக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஆனால் இப்போது அவள் எதையும் தலைகீழாகச் சொல்ல வேண்டியதில்லை. விலாசம் எப்போதும் போலவே இருந்தது. எழுத்துகளின் சத்தம் ஒன்றோடொன்று குழம்பாமலிருக்கக் கண் தெரியாதவர்கள் ஆடும்போது ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் ஆளின் பெயரைச் சொல்வது உலக வழக்கம். அது அவளுக்கு லட்டு மாதிரி. எங்கள் தோட்டத்தில் பெரிய கங்காணி லயம், டிரைவர் லயம் என்று ஆளை வைத்துத்தானே சொல்கிறோம். "வெள்ளக்காரப் பேரா இருந்தாலும் குடியிருக்கட்டும்" என்று எட்டையும் மனப்பாடம் செய்தாள். மெல்ல மெல்லக் கோட்டைகள் போக வேண்டிய இடத்துக்குப் போயின. பழைய மட்டத்துக்கு வந்தாள், அதையும் தாண்டினாள்.

போட்டி அன்று விடிந்ததும் ஹட்டனில் பஸ் ஏறினோம். திம்புள்ளப் பக்கம் முழுக்கப் பனி. அக்கா சேலைக்கு மேலே ஸ்வெட்டர் போட்டு, பலகையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் போட்டி. வரிசை வரிசையாக மேசைகள், பிள்ளைகள், பெரியவர்கள். நான் அவளை அவளுடைய மேசைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, பலகையைச் சரிசெய்து, தண்ணீர்ப் போத்தலை எடுத்து அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன். அதை மறுபடி ஒரு விரல் நகர்த்தி வைத்தேன்.

போனில் பேசிய ஆசிரியர் வந்தார். "மிஸ், வீட்டாள்கள் எல்லாரும் வெளிய இருக்கணும். கதவு மூடப்போறோம்."

"அவங்களுக்குக் கண்ணு தெரியாது சேர்."

"தெரியும். தனியா ஆடணும்னுதானே சொன்னாங்க?"

"அதுக்காக? நான் பேச மாட்டேன், செவரு ஓரமா நிக்கிறேன்" என்று நான் குரலை உயர்த்தினேன். பக்கத்து மேசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வெளிய போடி" என்றாள் அக்கா.

போனேன். கதவைச் சாத்தினார்கள். ஜன்னல்கள் எல்லாம் உயரத்தில். வெளியே கூதல் காற்றில் பெற்றோர்கள் கூட்டம் கூட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். ஓர் அம்மா என்னிடம், "ஒங்க மகளும் ஆடுறாங்களா?" என்று கேட்டார். அக்கா என்றேன். அவர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தன் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தார். குடிக்க முடியவில்லை. உள்ளே தண்ணீர்ப் போத்தல் தட்டுப்பட்டுக் கீழே விழுந்திருக்குமோ, காய் ஏதாவது துளையிலிருந்து கழன்றிருக்குமோ, எதிராளி அவசரப்படுத்துவானோ என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. வீட்டாள் ஒருவரும் பக்கத்தில் இல்லாமல் அவள் இவ்வளவு நேரம் இருந்தது, கண் போன நான்கைந்து வருடங்களில் அதுதான் முதல் தடவை. பயமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், ஆத்திரமாகவும் இருந்தது.

சின்னப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே வரத் தொடங்கினார்கள். சிலர் குதித்துக்கொண்டு வந்தார்கள், சிலர் அழுதுகொண்டு வந்தார்கள். அக்கா வரவில்லை. கடைசியில், மண்டபம் கிட்டத்தட்டக் காலியான பிறகு, ஓர் இளைஞனின் முழங்கையைத் தொட்டுக்கொண்டு வந்தாள். அவளோடு ஆடியவன். அவளை அவன் வழிநடத்தி வருவதாகத் தெரியவில்லை. அவள் சிங்களத்தில் ஏதோ விளக்கிக்கொண்டு வர, அவன் தலையாட்டிக் கேட்டபடி வந்தான். என்னைப் பார்த்ததும், "அக்கா ஹரி ஹொந்தய்" என்றான். ரொம்ப நல்லா ஆடுறாங்க என்று அர்த்தம். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான்.

"என்னாச்சு? ஜெயிச்சியா, தோத்தியா?" என்று நான் அவள் கையைப் பிடித்தேன்.

"பொறு. மொதல்லருந்து சொல்றேன்."

சுவர் ஓரமாக இருந்த நீள மர வாங்கில் உட்கார்ந்தாள். முதல் நகர்விலிருந்து தொடங்கினாள். எந்த லயம், எந்தக் காம்பரா, அங்கிருந்து எந்த லயம், எந்தக் காம்பரா. நடுவில் ஓரிடத்தில் அவன் பதற்றத்தில் புறப்பட்ட கட்டத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டானாம். அவனை அவள் சிங்கள வழக்கப்படி 'மல்லி', அதாவது தம்பி, என்றுதான் கூப்பிட்டாளாம். "அந்தக் காம்பராவுல ஆளே இல்ல மல்லின்னேன். அவன் இல்ல இல்ல இருக்குங்கிறான். நான் கைய ஒசத்துனேன். சேர் வந்து பாத்தாரு. ஆளே இல்ல. பக்கத்து லயத்தச் சொல்லியிருக்கான். எல்லாரும் சிரிச்சிட்டாங்க, அவனுந்தான்." யாரும் அவளுக்காகக் கை உயர்த்தவில்லை. யாரும் அவளுக்காகப் பேசவில்லை. அந்த நேரத்தில் நான் வெளியே ஆறிப்போன தேத்தண்ணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

அவள் வேகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். ஒரு கட்டத்தில் நான் வழி தவறிவிட்டேன்.

"இரு, இரு. அந்த மந்திரி எப்ப அங்க வந்துச்சு?"

"இப்பதானே சொன்னேன்? ஒழுங்காக் கேளுடி."

மறுபடி சொன்னாள். கேட்டேன். முடிவில் அவளுக்குச் சிப்பாய் ஒன்று குறைந்து, அவனுடைய சிப்பாய் முன்னேறி வருவதைத் தடுக்க முடியாமல் அவள் தோற்றிருந்தாள். அதைச் சொல்லும்போதும் அவள் முகத்தில் பிள்ளை மடுவத்துக் காலத்துச் சிரிப்பு இருந்தது. நான் அழுவது அவளுக்குத் தெரிந்துவிட்டது. சத்தமே வராவிட்டாலும் அவளுக்குத் தெரியும்.

உள்ளே அடுத்த சுற்றுக்கு மணி அடித்தார்கள். அவள் பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எதுக்குடி அழுற? அடுத்த ஆள விடமாட்டேன். நீ வெளிய இரு, வந்து சொல்றேன்."